மூன்றாம் மாடி மணப்பெண்

மாலை நடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது செருப்பைப் பற்றித்தான். பழைய நகரத்தின் தெருக்கள் கல் பாவியவை. மழை ஓய்ந்த பிறகும் பாசி போகாது. குதிகால் உயர்ந்த செருப்போடு வருகிறவர்களுக்கென்று டிக்கெட் மேசைக்கு அடியில் ரப்பர் செருப்புகள் வைத்திருப்பேன். அளவு பார்த்து நானே எடுத்துக் கொடுப்பேன். என்னோடு நடந்த ஒருவருக்கும் கால் சுளுக்கியதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஐயா, நான் பொறுப்பில்லாத ஆள் இல்லை. என்னை நம்பி வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவன்.

நீங்கள் கேட்டது அக்காவைப் பற்றி. சொல்கிறேன். ஆனால் பேய்க்கதை சொல்லிக்கொண்டே பழைய நகரத்தைச் சுற்றிக்காட்டும் என் நடையைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

வற்றிப்போன நீரூற்றில் தொடங்கி, பழைய சிறையின் மதிலை ஒட்டி நடந்து, மூடிக்கிடக்கும் சாயப் பட்டறையைக் கடந்து, எங்கள் தெருவில் முடியும். இருபுறமும் கிடங்குகள். விடிகாலை இருட்டில் லாரிகள் வந்து போனால், அதன் பிறகு அங்கே ஆள் இருக்காது. நடுவில் எங்கள் வீடு மட்டும். கீழே என் டிக்கெட் மேசை, முதல் மாடியில் நான், மூன்றாம் மாடியில் அக்காவின் தையல் அறை. இரண்டாம் மாடி காலி. அத்தான் இறந்த பிறகு அக்கா இங்கேயே வந்துவிட்டாள். கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பாள்.

என் குரல் நல்ல குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனாலும் ஆரம்பத்தில் நடை எடுபடவில்லை. தலை வெட்டுண்ட காவலன் கதையை நான் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருக்கையில் ஒரு குழந்தை, "எப்பப்பா சாப்பிடப் போறோம்?" என்று கேட்டது. கூட்டம் அதற்குத்தான் சிரித்தது. வருகிறவர்கள் என்னைப் பார்ப்பதைவிட ஃபோனைப் பார்ப்பதுதான் அதிகம். பல நாட்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை, எங்கள் வீட்டுக்குக் கீழே நின்று ஏதோ ஒரு மணப்பெண்ணின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மேலே அக்கா விளக்கைப் போட்டு, தோளில் ஒரு வெள்ளைத் துணியோடு ஜன்னலுக்கு வந்தாள். தைத்த துணியை வெளிச்சத்தில் பார்க்க வந்தவள், அவ்வளவுதான். கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. யாரும் ஃபோனைப் பார்க்கவில்லை.

தினமும் அப்படி வந்து நிற்பாயா என்று அன்றிரவு அவளிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "பேயா நிக்கறதுக்கு நான்தான் கிடைச்சேனா உனக்கு?" என்றாள். ஆனால் மறுநாளே மிஞ்சின திரைத் துணியில் தனக்கு ஒரு நீள அங்கி தைத்துக்கொண்டாள். மெல்லத் திரும்ப வேண்டும், கண்ணை இமைக்கக் கூடாது என்பதெல்லாம் அவளே கண்டுபிடித்ததுதான். நடை முடிந்ததும் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். யார் யார் அலறினார்கள் என்று நடித்துக் காட்டுவேன். "அந்தத் தடிமாடு மாதிரி இருந்தவனா கத்தினான்?" என்று கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அத்தான் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆகவே இதை அவள் விரும்பினாள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த லிஃப்ட் மெக்கானிக் வந்தார். ஒரு கட்டடத்தில் திரைச்சீலை கொடுக்கப் போன இடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம். உள்ளே மாட்டிக்கொண்ட அக்காவுக்குப் பயம் தெரியாமல் இருக்க, அவர் வெளியில் இருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்த்தாராம். நல்ல மனிதர்தான். குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அக்கா என்னிடம் வந்து, "நானும் அவர்கூடப் போறேன்டா. அங்கேயே கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கப் போறோம்" என்றாள்.

"அப்ப நடை?"

"வேற பொண்ணை வைடா. நிக்கத்தானே போறா."

வைத்துப் பார்த்தேன். நாடகம் படிக்கிற பெண் ஒருத்தி. ஜன்னலில் நின்று சூயிங்கம் மென்றாள். கீழே ஒருவர், "பேய்க்குப் பல்வலி போலிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நிற்பது மட்டும் போதாது என்பது அக்காவுக்குப் புரியவில்லை.

அவள் கிளம்புவதாக இருந்த அன்று ஒரு கம்பெனியிலிருந்து மொத்தமாக ஆட்கள் வருவதாக இருந்தது. ஒரு மாலை தள்ளிப் போகச் சொன்னேன். முடியாது என்றாள். கடைசிப் பையை எடுக்க மேலே போனாள். அவள் உள்ளே போனதும் நான் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். நடந்தது இதுதான். ஒரு தாழ்ப்பாள். பூட்டுகூட இல்லை.

"டேய், விளையாடாத. கதவைத் திற. அவரு ஸ்டேஷன்ல காத்துக்கிட்டிருப்பாரு."

"கூட்டம் போனதும் திறக்கறேன்க்கா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவளுடைய ஃபோன் கீழே என் மேசையில் சார்ஜில் இருந்தது. அதை நான் பிடுங்கவில்லை.

அன்று அவள் ஜன்னலுக்கு வந்த விதத்தை நான் என்றும் மறக்க மாட்டேன். இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். வாய் முழுக்கத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை, ஏனென்றால் அது இரட்டைக் கண்ணாடி. விடிகாலை லாரிச் சத்தம் தாங்காமல் அவளே போடச் சொன்னது. கீழே ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கைதட்டினார்கள். தெரு முழுக்க எதிரொலித்தது. என் வாழ்நாளில் எனக்கு அப்படி யாரும் கைதட்டியதில்லை.

அதைச் சொல்லத்தான் மேலே ஓடினேன். கதவுக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாள். அந்த நிலையில் திறந்தால் கோபத்தில் ஏதாவது பேசிவிடுவாள், பிறகு இருவருக்கும் மனக்கசப்பு. காலையில் திறக்கலாம் என்று விட்டேன். காலையில் அவள் இன்னும் கோபமாக இருந்தாள். இப்படித்தான் தள்ளிக்கொண்டே போயிற்று. மழையில் உப்பித் திறக்க வராமல் இருந்த ஜன்னல் கதவு மெல்லத் தளர்ந்து காற்றுக்கு ஆடத் தொடங்கியிருந்தது, அந்த வாரம் ஆணி அடித்துவிட்டேன். அறையின் விளக்கு ஸ்விட்சைக் கீழே என் மேசைக்குப் பக்கத்தில் மாற்றினேன். கதை பாதியில் இருக்கும்போது நான் உள்ளே நழுவிப் போய்ப் போட்டுவிட்டு வருவேன். கதையில் அது பயங்கரமான இடம், வழிகாட்டி சட்டென்று காணாமல் போவது.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். நான் எண்ணவில்லை.

ஜன்னலுக்கு வா என்று ஒரு நாளும் நான் அவளைச் சொன்னதில்லை. விளக்கு எரிந்ததும் அவளேதான் ஓடி வருவாள். அதற்கேற்றபடி கதையைத்தான் நான் கொஞ்சம் மாற்றினேன். மணப்பெண் கண்ணாடியைத் தட்டி உயிரோடிருப்பவர்களைக் கூப்பிடுவாள், பதில் கொடுத்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள், ஆகவே யாரும் கைகூட அசைக்க வேண்டாம் என்பேன். யாரும் அசைக்க மாட்டார்கள். ஒருநாள் கண்ணாடியில் வாயால் ஊதி, படிந்த ஆவியில் விரலால் எழுதினாள். உள்ளிருந்து எழுதியது வெளியே இடம் வலமாகத் தெரிந்தது. வந்திருந்த ஒரு பேராசிரியர் அது வழக்கொழிந்த ஏதோ எழுத்து என்று மற்றவர்களுக்கு விளக்கினார். நான் மறுக்கவில்லை. படித்தவரை நாலு பேருக்கு முன் மறுத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

ஒரே ஒரு மாலை அவள் வரவில்லை. விளக்கு எரிந்தது, ஜன்னல் காலியாக இருந்தது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு போனது. எனக்கு மனசே சரியில்லை. அன்று சமைக்கவில்லை. மறுநாள் பகலிலும் சமைக்கத் தோன்றவில்லை. அன்று மாலை வந்தாள். அதன் பிறகு தவறாமல் வந்தாள். சாப்பாட்டை நடை முடிந்ததும் கொண்டுபோவது என்று வைத்துக்கொண்டேன். பழையபடி ஒன்றாகச் சாப்பிடலாம் என்றுதான். கதவைச் சற்றே திறந்து தட்டை உள்ளே தள்ளிவிட்டு, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவேன். யார் அலறினார்கள் என்று சொல்வேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டிருந்தாள்.

மெக்கானிக்கிடம் அக்கா சித்தி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று முதலில் சொன்னேன். மறுபடி மறுபடி வந்தார். வேலையைக் கவனிக்காமல், தாடியும் அதுவுமாய் மேசைக்கு எதிரில் வந்து நிற்பார். பார்க்கவே பாவமாக இருந்தது. அவருக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. காய்ச்சலில் போய்விட்டாள், அங்கேயே எல்லாம் முடித்துவிட்டார்கள் என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு மாலை டிக்கெட் எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தார். யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு வந்ததும் விளக்கு எரிந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். கண்ணாடியை அறைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்து அவர் பெயரைச் சொன்னாள். எனக்கு உதட்டசைவு தெரிந்தது.

"அவதான்," என்றார். "அது அவதான்."

அவர் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனேன். "அது நாங்க சம்பளத்துக்கு வெச்சிருக்கிற பொண்ணு. போன வாரம் ஒரு அம்மா வந்து, செத்துப்போன தன் மகள்னு சொல்லி அழுதாங்க. துக்கத்துல இருக்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும்."

அவர் வெகுநேரம் மேலே பார்த்தபடி நின்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க. அக்காவை இழந்த உங்ககிட்டயே இப்படிப் பேசிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தெருமுனை திரும்பும்வரை அக்கா உள்ளங்கையை எடுக்கவில்லை. நான் அவரை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. மரியாதையாகத்தான் பேசி அனுப்பினேன்.

இதையெல்லாம் சொல்கிறபோது நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை தெரிகிறது. ஒன்றை மட்டும் யோசியுங்கள். தெருக்கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது. செருப்பைத் திருப்பிக் கொடுக்க எல்லோரும் உள்ளே வருவார்கள். படிக்கட்டு அவர்கள் கண்ணெதிரிலேயே இருந்தது. ஒருவரும் ஏறவில்லை.

ஏறியவர் ஒருவர்தான். நேற்று முன்தினம் மனைவியோடு வந்தவர், நடுவயது, தச்சு வேலை செய்கிறவர். வழியெல்லாம் அந்த அம்மாள் கையால் ஏதோ சைகை காட்டிக்கொண்டே வந்தார். நான் கண்டுகொள்ளவில்லை. எங்கள் தெருவுக்கு வந்ததும் என் குரலில் அந்த அம்மாள் கட்டுண்டு போனார். சைகை நின்றுவிட்டது, கை இரண்டையும் மார்போடு சேர்த்துக்கொண்டார். ஆகவே மணப்பெண் கதை அவர் கணவருக்குப் போய்ச் சேரவே இல்லை. அந்தக் கூட்டத்திலேயே கதை தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

விளக்கு எரிந்தது. அவர் மேலே பார்த்தார். கையை உயர்த்தி, 'என்ன?' என்பதுபோல் விரித்தார். அக்கா அறைவதை நிறுத்தினாள். கதவைக் காட்டினாள். மணிக்கட்டு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினாள். அவர் தலையசைத்துவிட்டு வரிசையை விட்டு நடந்தார்.

"சார், வரிசையை விட்டுப் போகக் கூடாது. சார்," என்றேன். இன்னும் உரக்கச் சொன்னேன். என்னிடம் இருந்த குரல் முழுவதையும் எடுத்துச் சொன்னேன்.

"அவருக்குக் காது கேக்காதுங்க," என்றார் மனைவி, மன்னிப்புக் கேட்பதுபோல.

அவர் படியேறும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் சத்தமும் கேட்டது. கூட்டம் இதுவும் நடையில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டத் தொடங்கியது. அவர் அக்காவைக் கைத்தாங்கலாகத் தெருவுக்குக் கூட்டிவந்தார். எல்லோரும் பின்வாங்கி வழிவிட்டார்கள். அங்கி தோளில் நிற்காமல் வழிந்தது. நான் கவனிக்காமலே அவள் அவ்வளவு இளைத்திருந்தாள். கைதட்டல் உச்சத்தில் இருந்தது. அவள் என் எதிரில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "இவன் என் தம்பி," என்றாள்.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் பின்வரிசையில் ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் நிறுத்தினார்.

ஆமாம், ஐயா. அடைத்து வைத்தது நான்தான். பட்டினி போட்டதும் நான்தான், அதை அப்படித்தான் எழுத வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளை எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கமாக ஒரு கட்டில் கொடுக்கச் சொல்லுங்கள், போதும். பொழுது சாய்கிற நேரத்தில் நாலு பேர் தன்னைப் பார்க்காவிட்டால் அவள் ஏங்கிப்போய்விடுவாள்.