சர்க்கரைப் பாட்டில்

ஆறிப்போன தேநீர் பார்வைக்கு விஸ்கி மாதிரியே இருக்கும், ஐயா. அந்தத் தொடரில் நான் ஊற்றிக் கொடுத்ததெல்லாம் அதுதான்.

வாரந்தோறும் தொலைக்காட்சியில் வருகிறதே, குதிரையும் துப்பாக்கியுமாக, அதில் நான் மதுக்கடைக்காரன். கதாநாயகன் ஷெரீஃப், ஊர்க்காவல் அதிகாரி, கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். அவர் தோளுக்குப் பின்னால் ஒருவன் கோப்பை துடைத்துக்கொண்டு நிற்பான். அவன்தான் நான். என் பெயர் ஆர்வில் ஸ்டாம்போ. வேடத்துக்குப் பெயர் கிடையாது. அயோவாவில் இருக்கும் என் அக்கா தவறாமல் பார்த்துவிட்டு போன் செய்வாள். "நேத்து உன் காது நல்லா தெரிஞ்சுதுடா" என்பாள்.

அதே தொடரில் லெஸ்டர் க்விக் என்பவனுக்குக் குதிரைக்கு லாடம் அடிப்பவன் வேடம். அவனுக்கும் பெயரில்லை. நாங்கள் கறிவேப்பிலை; மணத்துக்குப் போடுவார்கள், தின்னும்போது ஒதுக்கிவிடுவார்கள். ஆனாலும் அவன் எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசுவான். காரணமில்லாமல் சிரிக்கிறவனை நான் நம்புவதில்லை.

எங்கள் பிழைப்பில் ஒரு வழக்கம் உண்டு. சுடப்பட்டுச் சாகிறவன் குப்புற விழத்தான் பார்ப்பான். முகம் தெரியாமல் செத்தால் அடுத்த வாரமே மீசை ஒட்டிக்கொண்டு வேறு ஆளாக வரலாம். மல்லாந்து செத்தால் அதோடு சரி. என்னை எப்போது மல்லாத்துவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

இந்த வசந்தத்தில் லெஸ்டர், கதை எழுதும் ஹார்லனோடு சாப்பாட்டு வேளைகளில் ஒட்டிக்கொண்டான். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"கடைக்காரனை இப்படியே விட்டா நல்லால்ல ஹார்லன். ஒரு முடிவு கட்டுங்க."

லெஸ்டரின் குரல்தான். பிறகு அவனிடமே கேட்டேன். "என்னப்பா, எழுத்தாளரை விடமாட்டேங்கற?"

"பொறுத்துப் பாருய்யா. உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்" என்று கண்ணடித்தான். இதற்கு நீங்கள் என்ன அர்த்தம் எடுப்பீர்கள்?

சண்டையில் தலையில் உடைக்கிற பாட்டில் கண்ணாடி இல்லை. சர்க்கரைப் பாகை அச்சில் ஊற்றிச் செய்வது. விளக்குச் சூட்டில் இளகிவிடும். அதனால் ஐஸ் பெட்டியில் வைத்திருந்து, கேமரா ஓடத் தொடங்கிய பிறகு கடைக்காரன்தான் எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். ஷெரீஃப் திரும்பாமலே கையை நீட்டி எடுப்பார். முழுபலத்தோடு ஓங்கினால்தான் சர்க்கரை அழகாகச் சிதறும். அவர் அப்படித்தான் ஓங்குவார். அவர் கைக்கு எது போகிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

அன்று அடிவாங்க வேண்டியவன் லெஸ்டர். "பார்த்து அடிங்கண்ணே, உள்ள மூளை கொஞ்சம்தான் இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நிஜப் பாட்டிலை வைத்தேன். தலை வீங்கும், சில நாள் படுத்திருப்பான், குசுகுசுப்பு நிற்கும், அவ்வளவுதான் என் எண்ணம். காலிப் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் தேநீர் நிரம்பியதை எடுத்தேன். அது ஏன் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

அவன் மல்லாந்து விழுந்தான். இயக்குநர் "பிரமாதம்" என்றார். லெஸ்டர் எழுந்திருக்கவில்லை.

அடக்கத்தன்று ஹார்லன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உன் கடைக்காரனுக்கு ஒரு பேரு, பொண்டாட்டி, ஒரு வாரம் முழுக்க உன் கதை, எல்லாம் எழுதிட்டேன்யா. எழுத வச்சதே லெஸ்டர்தான். 'எனக்கு வேணாம், ஆர்விலுக்குக் குடுங்க'ன்னு என் உயிரை எடுத்தான்."

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல? லெஸ்டர் முன்பே வாயைத் திறந்திருந்தால் இன்று உயிரோடு இருப்பான். நல்லது செய்கிறவர்கள் ஒளித்துச் செய்யக் கூடாது, ஐயா. அந்த விஷயத்தில் லெஸ்டர் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இன்னொன்று. அந்தக் காட்சியின் படச்சுருளை உங்கள் ஆட்கள் எடுத்துப் போயிருக்கிறார்கள். எல்லோரும் அவனிடம் ஓடியபோது கேமரா ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஷெரீஃப் முழங்காலிட்டுவிட்டார், எனக்கு முன்னால் யாரும் இல்லை. நான் விளக்குக்கு நேராகத் திரும்பி நின்றேன். வழக்கு முடிந்ததும் அதை அழித்துவிடாதீர்கள். என் முகம் அதில் நன்றாக விழுந்திருக்கும்.