பத்து மணி ஜன்னலில் ஹெப்சியின் திரை

மேடையில் இருக்கும் பெரியோர்களே, தோல் ஆலையிலிருந்து கை கழுவிய ஈரத்தோடு வந்திருக்கும் தோழர்களே, ஹெப்சியின் கணவரான தம்பி அபினேஷ் அவர்களே, வணக்கம்.

முதலில் உறுதியான செய்தி. நம் சகோதரி ஹெப்சி இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு எழுதிய கடைசித் திருத்தம் பத்திரமாக இருக்கிறது. ஆலை அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த முஸம்மில் இன்று மாலை நான்கு மணிக்கு அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துச் சொன்னார்.

எதன் திருத்தம்? 'இமை'யின் திருத்தம். கம்ப்யூட்டரில் புகைப்படம் பார்க்க ஹெப்சி எழுதிய சின்ன புரோகிராம். ஒரே ஃப்ளாப்பியில் அடங்கும். எவ்வளவு பழைய கம்ப்யூட்டரிலும் தட்டியதும் படம் வரும், கனவில் முகம் வருவதுபோல, வந்த சத்தமே இல்லாமல். யாரும் காசில்லாமல் எடுக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம் என்று ஊருக்கே விட்டுவிட்டார். யாருக்கு வரும் அந்த மனசு!

2003-ல் வெளிநாட்டு வியாபாரி ஒரு தோலின் படம் அனுப்பினார். அதை இமையில் பார்த்துத்தான் நம் ஆலையின் சாய மேஸ்திரி முனீர் அகமது சாயம் கலந்தார். படம் பளிச்சென்று தெரியட்டும் என்று, இமை தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும்படி ஹெப்சி ஆசையாக எழுதியிருந்தார். பிறகு அசல் மாதிரி பார்சலில் வந்தது. நிறம் பொருந்தவில்லை; சாய டிரம்மில் போட்ட தோல் முழுதும் வீண். முனீர் பாய்க்கு வேலை போகும் நிலை.

"இன்னா மேடம்? உங்க டப்பாவுல தேன் கலரு, பார்சல்ல காபி கலரு! நா இன்னா கண்ணு தெரியாதவனா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு பாய். தப்பு என் புரோகிராம்ல."

முனீர் பாயிடம் மட்டுமா சொன்னார்? முதலாளியிடம் போய்ச் சொன்னார். இமையை வைத்திருந்த, முகம் தெரியாத அத்தனை பேருக்கும் எழுதினார். பாயின் வேலை நிலைத்தது.

நிறம் பார்ப்பவர்கள் காலை பத்து மணிக்குத் தோலை, வெளிச்சம் சீராக விழும் வடக்கு ஜன்னலுக்கு எடுத்துப் போவார்கள். அந்தத் தவறுக்குப் பின் ஹெப்சியும் தன் கனத்த மானிட்டரை அங்கே தூக்கி வைத்தார். முனீர் பாய் தலையசைத்த பிறகே புதிய பதிப்பு வெளியே போகும். அந்த ஜன்னலில் நின்றிருக்கிறேன். வெளிச்சத்தில் தூசி மிதக்கும். எது தோல், எது படம் என்று ஒரு கணம் தெரியாது.

இந்த ஜனவரியில் பாய், "செவப்பு ஜாஸ்தி" என்றார்.

"அது உங்க வாயில இருக்கிற பான், பாய்! மானிட்டர் கண்ணாடில தெரியுது!"

ஹெப்சி சிரித்தார். சிரித்துவிட்டு, அன்றே குறையைத் தேட உட்கார்ந்தார். காய்ச்சலிலும் தேடினார். அதுதான் அந்தக் கடைசித் திருத்தம்.

இனி இமை யார் கையில்? முஸம்மில் ஏற்றுக்கொண்டார். தவறு வந்தால் மறைக்க மாட்டோம், எல்லோருக்கும் எழுதுவோம். ஹெப்சி, இது இந்த அவை உனக்குத் தரும் வாக்கு.

திருத்தம் சரியா? இன்னும் தெரியாது. வரும் ஞாயிறு, மார்ச் பதினொன்று, காலை பத்து மணி. முஸம்மில் மானிட்டரைத் தூக்கி வைப்பார். முனீர் பாய் தோலோடு வருவார், பான் போடாமல். அவர் தலையசைக்கும்வரை பதிப்பு வெளியே போகாது.