கூடவே வரும் புள்ளி

நள்ளிரவு தாண்டியிருந்தது. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனம், மலையுச்சி வானாய்வகத்திலிருந்து விடுதிக்கு இறங்கும் பாதை. நம் மலை வழக்கம்தான் தெரியுமே, விண்மீன் படம் கெட்டுவிடும் என்று இரவில் முகப்பு விளக்கு போடக் கூடாது. அந்த இருட்டில் தனியாக வண்டி ஓட்டி வந்தவன் வால்டோ, என் தோழி மார்சேலாவின் அண்ணன். நானாக இருந்தால் உச்சியிலேயே போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன்...

அவனும் எலிசேயோவும் உயிர் நண்பர்கள். இளம் விண்மீன்களின் பக்கத்தில் கோள் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறவர்கள். எலிசேயோவின் கன்னத்தில் எந்நேரமும் ஒரு சோம்பு மிட்டாய் ஒதுங்கியிருக்கும்.

தேடுகிறவன் கண்ணைச் சோதிக்க, விண்மீன் படத்தில் கோள் மாதிரியே பொய்ப்புள்ளி ஒன்றைச் செருகுவது உண்டு. கண்டுபிடித்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வால்டோ செருகினான். எலிசேயோ ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுதான்.

"கெடைச்சுடுச்சுடா! என் பொண்ணு பேரத்தான் வைக்கப்போறேன்!"

வால்டோ வாயைத் திறக்கவில்லை. பொறாமையோ, கோழைத்தனமோ...

எலிசேயோ ஊரறியச் சொல்லிவிட்டான். ஆனால் அடுத்த வருடமும் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமே. புள்ளி விண்மீனோடு கூடவே நகர்ந்திருந்தால்தான் அது அதன் துணை, நிஜக் கோள். எடுத்தார்கள். அங்கே வெறும் இருட்டு. ஆய்வாளர் சபையே சிரித்தது.

"நீ வச்சதாடா?" என்று வால்டோவைப் பிடித்துக் கேட்டான் எலிசேயோ.

"நானா? போடா, பைத்தியம்!"

அன்றிரவே மலை வளைவில் எலிசேயோவின் வண்டி பள்ளத்தில் விழுந்தது. அவன் பிழைக்கவில்லை.

வால்டோ தனியாக இறங்கியது அதற்கடுத்த வாரம். அதே வளைவு. திடீரென்று சோம்பு வாசனை. பின்சீட்டில்... டக்... டக்... மிட்டாய் பல்லில் இடிக்கும் சத்தம்.

"வால்டோ... நீ வச்சதாடா?"

அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம், பாவி.

"இல்ல," என்றான்.

சத்தம் நின்றுவிட்டது.

அந்த வருடம் நுழைவு அட்டைக்குப் படம் எடுத்தபோது, அவன் இடது காதோரம் ஒரு வெள்ளைப் புள்ளி.

"தூசு சார்," என்று காவலாளி கேமராவைத் துடைத்தான். அடுத்த வருடம் வேறு கேமரா, வேறு அறை. அதே காதோரம், அதே புள்ளி. வால்டோ இரண்டு படத்தையும் வைத்து இடைவெளியை அளந்தான். மயிரிழைகூட மாறவில்லை. கூடவே நகர்ந்திருந்தது.

இந்த வருடப் படத்தை எடுத்தது நான். புள்ளி கொஞ்சம் நெருங்கியிருந்தது. சும்மா இருக்காமல் பெரிதாக்கிப் பார்த்தேன்...

அதற்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் உப்பியிருந்தது.