காதர் மைதீன் நிறுத்திய அறிவிப்பு

அவைத்தலைவர் டாக்டர் நெடுமாறன் அவர்களே, மேடையில் இருக்கும் மருத்துவப் பெருமக்களே, கணவரை இழந்து கலங்கியிருக்கும் கமருன்னிஸா அம்மா அவர்களே, மகள் ஷமீரா, திருவையாற்றுப் பக்கத்திலிருந்து நடவை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நான் செம்மொழி, எலும்பு மருத்துவர். மறைந்த கதிரியக்கவியல் பேராசிரியர் டாக்டர் காதர் மைதீன் அவர்களோடு ஒரே ஆய்வில் உழைத்தவள்.

ஆறுதல் சொல்லத்தான் என்னை அழைத்தீர்கள். நடந்ததைச் சொல்லாமல் எனக்கே ஆறுதல் வராது.

முழங்காலில் எலும்போடு எலும்பு உரசாமல் காப்பது குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் அது தெரியாது. தேய்ந்து தீர்ந்த பிறகு எலும்புகள் நெருங்குவதைத்தான் எக்ஸ்ரே காட்டும். காதர் மைதீன் என்ன செய்தார்? எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்ததோடு நிற்காமல், குருத்தெலும்புக்குள் நீர் எப்படித் தங்கியிருக்கிறது என்பதை எண்ணாகவே அளந்தார். எண் ஏறினால் உள்ளே நார் தளர்கிறது என்று பொருள். தேய்மானம் கண்ணுக்குத் தெரியும் முன்பே தெரிந்துவிடும்! சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடவு நடும் பெண்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தப் பெண்கள் சிலருக்கு ஒரு புதிய ஊசி மருந்தைப் போட்டுச் சோதித்தோம். சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். எண் இறங்கியிருந்தது. எல்லோருக்கும்! மருந்து பலித்தது என்று அறிவிக்க மருத்துவமனை நிர்வாகம் பத்திரிகையாளர்களைக் கூட்டிவிட்டது. மருந்து நிறுவனத்தார் சென்னையிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள்.

அறிவிப்பு நாளன்று காலை காதர் மைதீன் என்னை ஸ்கேன் அறைக்குக் கூப்பிட்டார்.

"செம்மொழி, என் முட்டியும் நல்லாயிடுச்சு."

"உங்களுக்கு ஊசியே போடலையே சார்?"

"அதைத்தாம்மா சொல்றேன்."

ஆய்வு தொடங்கியபோதே தன் முழங்காலையும் அளந்து வைத்திருந்தார். இடையில் மெஷினுக்கு மென்பொருளை மாற்றியிருந்தார்கள். மனம் கேட்காமல் அன்று தன் காலை மறுபடி உள்ளே வைத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கும் அதே அளவு இறக்கம். ஒருபோதும் மாறக்கூடாத திரவம் அடைத்த சோதனைக் குப்பியை வைத்துப் பார்த்தார். அதிலும் இறக்கம்! ஒரு முழங்காலும் குணமாகவில்லை. மெஷின்தான் வேறு மாதிரி அளந்திருக்கிறது.

நிர்வாகியின் அறைக்கு இருவரும் ஓடினோம். வெளியே கேமராக்களைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வாரம் கழிச்சு மெதுவா சொல்லிக்கலாம் டாக்டர். இப்ப எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. நிறுத்துனா உங்க பேருதான் கெடும்" என்றார் ஒருவர்.

"கெடட்டுங்க. நான் சொன்னதை நம்பி அந்தப் பொம்பளைங்க வயல்ல எறங்கியிருக்காங்க. அந்த ஒரு வாரத்துல தேயுற முட்டிக்கு நான் எங்க போவேன்?" என்றார் காதர் மைதீன்.

பத்திரிகையாளர் கூட்டம் ரத்தானது. அந்த அறையில் இருந்த சிலர் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். நான் சொல்வதில் ஒரு சொல் பிழை என்றாலும் எழுந்து சொல்லுங்கள்!

அங்கிருந்து நேரே திருவையாறு. குறுவை நடவு. நாற்றங்காலைத் தாண்டி, ஷூவோடு வரப்பில் போய் நின்றார் பேராசிரியர். இதோ இங்கே அமர்ந்திருக்கும் வைரக்கண்ணு அம்மா அன்று முழங்கால் அளவு சேற்றில் நின்றார்.

"கரை ஏறுங்கம்மா. போதும், ஏறுங்க."

"ஏன் டாக்டரு? ஊசியில நல்லாயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தாம்மா சொன்னேன். மெஷின் தப்பா காட்டிடுச்சு. நானும் அதைச் சரியா பாக்காம தப்பா சொல்லிட்டேன்."

வைரக்கண்ணு அம்மா கையிலிருந்த நாற்றை வரப்பில் வைத்தார். பிறகு கேட்டார்: "அப்ப எனக்கு வலிச்சது நெசந்தானா? ராவும் பகலுமா வலிக்குதுங்கிறேன், ஸ்கேன்லயே நல்லாயிருக்கு, சும்மா சொல்றேன்னு எம் மவனே ஏசுறான்."

"நெசந்தாம்மா. உங்க வலி நெசம். மவன்கிட்ட நானே சொல்றேன்."

சொல்லவும் செய்தார்! அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் ஊராகப் போய், ஆய்வில் இருந்த அத்தனை வீட்டு வாசலிலும் நின்று சொன்னார். சிலர் திட்டினார்கள். ஒரு வீட்டில் கதவையே சாத்தினார்கள். மெஷினைச் சரிசெய்து எல்லோரையும் மறுபடி அளந்தோம். மருந்து பலிக்கவில்லை. தோற்றோம் என்று மருத்துவ இதழில் தன் பெயரைப் போட்டே எழுதினார். துறைத் தலைவர் பதவி போயிற்று. ஒரு நாளாவது அதற்காக அவர் புலம்பி யாராவது கேட்டதுண்டா?

வைரக்கண்ணு அம்மாவின் வலது மூட்டைக் காப்பாற்ற முடியவில்லை. அறுவை சிகிச்சையை நான்தான் செய்தேன். இடது மூட்டில் எண் ஏறாமல் நிற்கிறது. சேற்று வேலையை விட்டு, தசைப் பயிற்சி செய்து, அவரே காத்துக்கொண்ட மூட்டு அது. இப்படி இன்னும் பல பெண்களை ஆண்டுதோறும் அளந்துவந்தார். போன வாரம் அந்த வேலைக்கு நடுவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

அவரை அடக்கம் செய்த மறுநாளே மருத்துவமனையிலிருந்து எனக்கு ஒரு போன். இந்த ஸ்கேன்களை நிறுத்திவிடலாம், மெஷின் நேரம் வீணாகிறது என்றார்கள். எது வீண்? வலி உண்மையா என்று பெற்ற பிள்ளையிடம் நிரூபிக்க வேண்டியிருந்த பெண்ணுக்குப் பதில் சொல்வது வீணா?

பேராசிரியர் காதர் மைதீன் அவர்களே! உங்கள் முன் அழுது முடிப்பதற்காக நான் இங்கே வரவில்லை. திங்கட்கிழமை காலை ஸ்கேன் அறையில் நான் இருப்பேன். தாய்மார்களே, உங்கள் முறைப்படி வாருங்கள். வந்த எண் நல்லதோ கெட்டதோ, உங்கள் முகத்தைப் பார்த்து நானே சொல்வேன். அதைத் தடுக்க நினைப்பவர்கள் போனில் பேச வேண்டாம். அந்த வாசலுக்கு வந்து, காத்திருக்கும் பெண்களிடம் சொல்லட்டும்.