மூன்று மூடி, ஒரு ஓஸ்

எங்கள் ஊரில் டீ வாங்கிக் கொடுக்காமல் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஸ்டேஷனிலும் அதே வழக்கம் இருப்பது சந்தோஷம்தான், மேடம். ஆனால் முழு டம்ளர் வாங்கிவிட்டீர்கள். எனக்குப் பாதிதான் பழக்கம். மீதி ஆறிப்போய்விட்டது, தப்பாக நினைக்காதீர்கள்.

அந்தப் பழக்கம் ரியாஸால் வந்தது. என் அப்பா ராசப்பன் உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர். தோப்புக்காரர்கள் வீட்டில் அவருக்குத் தனி டம்ளர். பின்கட்டில் ஓட்டுக்கு அடியில் செருகி வைத்திருப்பார்கள். நான் கோயம்புத்தூர் வந்து ஒரு பட்டறையில் சேர்ந்த அன்று, அங்கே ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்த ரியாஸ், தான் பாதி குடித்த டம்ளரை அப்படியே என்னிடம் நீட்டினான். "குடி மாப்ளே, வேல கெடக்குது" என்றான். பேர்கூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து நாங்கள் இரண்டு டீ சொன்னதே இல்லை. பிறகு உக்கடத்தில் சொந்தமாகப் பட்டறை போட்டபோதும் ஒரே டீதான்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் கோபக்காரன் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கை ஓங்கியது கிடையாது. குடிப்பதில்லை. வேலையில் சுத்தம்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நாங்கள் பழைய ஜப்பான் பைக்குகள்தான் அதிகம் பார்ப்போம். நாலு சிலிண்டர், நாலு கார்புரேட்டர். நாலும் ஒரே அளவாக மூச்சு இழுத்தால்தான் வண்டி நடுங்காமல் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்ன மூக்கு இருக்கும். டேங்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி மேலே கட்டித் தொங்கவிட்டு, அந்த மூக்குகளில் ரப்பர் ஓஸ் செருகி, எது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று மீட்டரில் பார்ப்போம். ஒருவன் மீட்டரைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவன் ஸ்குரூவைத் திருக வேண்டும். தனி ஆள் செய்கிற வேலை இல்லை. நான் சொல்வேன், ரியாஸ் திருகுவான். கடைசியில் பேச்சே இருக்காது. நான் தலையை ஆட்டினால் போதும், அவன் கை நிற்கும்.

வேலை முடிந்ததும் மூன்று மூக்குகளுக்கு ரப்பர் மூடி போட வேண்டும். நாலாவதில் டேங்க் குழாயிலிருந்து வரும் ஓஸைச் செருக வேண்டும். என் விரல் ஒல்லி, அந்த இடுக்கில் நுழையும். அதனால் மூடி போடுவது நான்தான். போட்டுவிட்டு, "மூணு மூடி, ஒரு ஓஸு" என்று சத்தமாகச் சொல்வேன். ரியாஸ் உடனே டேங்க்கைத் தூக்கி மேலே வைத்துவிடுவான். குனிந்து பார்க்கமாட்டான். பார்த்தால் என்னை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும். அது எங்களுக்குள் இருந்த மரியாதை.

கௌதமனைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை. செத்தவனைப் பற்றிக் கேட்பது சங்கடம் என்று நினைத்திருக்கலாம். நல்ல பையன், மேடம். முப்பது வயதுதான் இருக்கும். பெருந்துறையில் அவர்களுக்குச் சொந்தமாக மில் இருக்கிறது. மாமா விட்டுப்போன பழைய வண்டியை ஓட வைக்க வேண்டும் என்று எங்களிடம் கொண்டுவந்தான். பணிவாகப் பேசுவான். என்னையும் அண்ணா என்றுதான் கூப்பிட்டான். அவன்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுதான் பெரிய தொந்தரவு.

வந்த புதிதில் ரியாஸ் அவனை சார் என்றான். கொஞ்ச நாளில் தம்பி என்றான். மழைக்காலம் முடிவதற்குள் மாப்ளே ஆகிவிட்டான். நான் லேத் பட்டறைக்குப் போய்த் திரும்பிய ஒரு நாள், எங்கள் டீயின் பாதி கௌதமன் கையில் இருந்தது. ரியாஸ் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "உனக்கு இன்னொண்ணு சொல்லட்டுமா மாப்ளே" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்ல வெட்கமில்லை. பெண்டாட்டி பிள்ளை விஷயத்தில் வயிறு எரிந்தால் ஊர் ஒத்துக்கொள்கிறது. சிநேகிதன் விஷயத்தில் எரிந்தால் மட்டும் ஏன் சிரிக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் கௌதமன் புது மீட்டர் வாங்கி வந்தான். அவனே அதைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தான். நான் கிட்டே போனபோது ரியாஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மாப்ளே, நீ அந்த ஸ்கூட்டரப் பாரு. இத நாங்க பாத்துக்கறோம்" என்றான். நான் ஸ்கூட்டரைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன், அந்த வண்டிக்காரர் இன்றைக்கும் குறை சொல்லமாட்டார்.

மூடி பழசாக இருந்தது என்று வண்டியைச் சோதித்த உங்கள் ஆய்வாளர் எழுதியிருப்பது சரிதான். ஒரு மூடி இல்லை, மூன்றுமே பழசு. புது மூடி என் சட்டைப்பையில் இருந்தது.

நான் நினைத்தது சின்ன விஷயம்தான். வண்டி தகராறு செய்யும். கௌதமனுக்கு ரியாஸின் வேலையில் நம்பிக்கை போய்விடும். வேறு பட்டறைக்குப் போய்விடுவான். அவ்வளவுதான் என் கணக்கு. அதற்காகத்தான் மூடிகளை முன்னாலேயே சோதித்தும் பார்த்தேன். அதே பதத்தில் வெடித்துப்போன மூடிகளைப் பட்டறையில் நின்ற இன்னொரு வண்டியில் போட்டு மருதமலை ஏறி இறங்கினேன். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. ஆக்ஸிலேட்டர் திறந்திருக்கும்போது உறிஞ்சல் குறைவு. இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடிவிடுவோம், அப்போதுதான் எஞ்சின் பலமாக உறிஞ்சும். மூடிகள் கிழிந்தன. கிழிசல் வழியாகக் காற்று உள்ளே போனதால், அதற்கப்புறம் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் எஞ்சின் அடங்கவில்லை, முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. எனக்கு விஷயம் தெரியும், அதனால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டேன். திரும்பும்போது அடிவாரத்தில் கம்பங்கூழ் குடித்தேன்.

ஊருக்குள் ஓட்டினால் அது தொந்தரவு மட்டும்தான். கொண்டை ஊசி வளைவில் அப்படி இல்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை கௌதமனும் ரியாஸும் அந்த வண்டியில் வால்பாறை போகிறார்கள் என்பதும் தெரியும்.

ஆனால் ரியாஸைப் போகச் சொன்னது நான் இல்லை. இதைத் தயவுசெய்து சரியாக எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையிலேயே அவனிடம் சொன்னேன், நாளைக்கு மத்தியானம் நம் வீட்டில் சாப்பாடு, கிருபா கறிக்குழம்பு வைக்கிறாள் என்று. அவனுக்காக நாங்கள் எப்போதும் கோட்டைமேட்டு ஹலால் கடையில்தான் கறி வாங்குவோம். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி வேறு கடைக் கறியைத் தொட்டதில்லை. அவன் என் தோளில் கை போட்டு, "அடுத்த வாரம் வாரேன் மாப்ளே. பையன் ஆசையாக் கூப்புடறான், வேண்டாம்னா மூஞ்சி சுண்டிப்போயிருமில்ல" என்றான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. வந்திருந்தால் அவனுக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. நான் வழி விட்டேன், அவன்தான் வரவில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் மீட்டர் வைத்து வேலையை முடித்தார்கள். மூடி போட மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். போட்டேன். நிமிர்ந்து, "மூணு மூடி, ஒரு ஓஸு" என்றேன். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. கௌதமன் டார்ச் அடித்துப் பார்க்கக் குனிந்தான். ரியாஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். "கதிரு சொல்லிப்போட்டா முடிஞ்சுது, பாக்கவேண்டாம்" என்று சொல்லி டேங்க்கைத் தூக்கி வைத்தான்.

அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மேடம். பழைய மாதிரி இருந்தது. மூடிகளை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் ரியாஸ் டீ சொன்னான். மூன்று டீ. ஆளுக்கு ஒரு முழு டம்ளர்.

மறுநாள் மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். செய்தி வந்தபோது கை கழுவிக்கொண்டிருந்தேன். ஆழியாறு அணை தெரிகிற வளைவுக்கும் கீழே. ஓட்டிய கௌதமன் அங்கேயே முடிந்துபோனான். பின்னால் உட்கார்ந்திருந்த ரியாஸுக்கு இடுப்பும் வலது கையும் போயிற்று. முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்குப் போனது நான்தான். ரத்தம் கொடுத்தது நான்தான். இரவும் பகலும் வராந்தாவில் கிடந்தது நான்தான். கௌதமன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் நான் உள்ளே விட்டிருக்கமாட்டேன்.

ரியாஸ் கண் விழித்த அன்று அவன் மனைவி நிலோஃபர் வெளியே ஓடி வந்தது. "அண்ணா, முழிச்சுட்டாருங்க. கதிரு சாப்டானான்னுதாங்க மொதல்ல கேட்டாரு" என்று சொல்லிவிட்டு அழுதது. நான் நம்பவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரியாதை அதிகம், வருத்தப்படுகிறவனிடம் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள். அப்படியே கேட்டிருந்தாலும், அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைக் குத்திக்காட்டத்தான் கேட்டிருப்பான்.

அப்புறம்தான் நீங்கள் அவனிடம் வாக்குமூலம் வாங்கினீர்கள். மூடி போட்டது தான்தான் என்றும், கதிரேசன் அன்றைக்குப் பட்டறைக்கே வரவில்லை என்றும் சொல்லியிருக்கிறான். கேஸும் அவன் பெயரில் போட்டுவிட்டீர்கள். நான் இங்கே வந்திருப்பது அதற்காகத்தான். அவனைக் காப்பாற்ற என்று எழுதினாலும் சரி, ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் எனக்கு அவ்வளவு வலித்ததில்லை. நான் வரவே இல்லையாம். என் கையால் போட்ட மூடிக்கும் அவன்தான் சொந்தக்காரனாம். செத்தவனும் இவனும் சேர்ந்து அந்தச் சாவிலிருந்துகூட என்னை ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

"உங்களைக் காப்பாற்றத்தான் அவர் பொய் சொல்கிறார் என்று தோன்றவில்லையா" என்று சற்று முன்னால் கேட்டீர்கள். நான் சிரித்ததற்கு மன்னிக்கவேண்டும். உங்களுக்கு அவனைத் தெரியாது. என்னைக் காப்பாற்ற நினைக்கிறவன், நான் கட்டிலருகே போய் நின்றால் ஏன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழ வேண்டும்? அவன் கௌதமனை நினைத்துத்தான் அழுகிறான். எனக்குத் தெரியும்.

அதனால் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ராசப்பன் மகன் கதிரேசன், கிழிந்துவிடும் என்று தெரிந்தே மூன்று மூடிகளையும் போட்டேன். வால்பாறை இறக்கத்தில்தான் கிழியும் என்றும் தெரியும். பின்னால் உட்கார்ந்து போவது யார் என்றும் தெரியும். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி வேண்டும், மேடம். இதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரியாஸிடம் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். கேட்டு முடித்ததும் அவன் வாயில் முதலில் யார் பெயர் வருகிறது என்று எனக்கு வந்து சொன்னால் போதும்.