அம்மாவின் சாவு மொய்

உங்கள் வங்கியின் புகார்ப் பிரிவுக்குப் பேசினால் காத்திருக்கச் சொல்லிப் பியானோ இசை போடுகிறீர்கள். நன்றாகவே இருக்கிறது. நாற்பது நிமிடம் கேட்டதில் ஒரு பெண்ணின் பாதித் தலையைப் பின்னி முடித்துவிட்டேன். மீதித் தலையோடு அவளைத் தேநீர் குடிக்க அனுப்பியிருக்கிறேன். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் பெயர் அராபா. டாட்டன்ஹாமில் முடி பின்னும் கடை வைத்திருக்கிறேன். ஃபீஃபி என் தம்பி. மூன்று வருடம் முன்பு கணக்கை மூடி, பெயர் மேல் மோசடிக் குறி போட்டீர்களே, அந்தப் பையன். அப்போது பதினெட்டு முடிந்து இரண்டே மாதம். குறி ஆறு வருடம் நிற்கும் என்றீர்கள். சொன்னபடியே, நாங்கள் ஏறி இறங்கிய எந்த வங்கியும் அவனைச் சேர்க்கவில்லை.

அப்போது எங்கள் அம்மா இறந்திருந்தார். கானாக்காரர் வீட்டில் சாவு என்றால் ஊரே மொய் எழுதும். முகம் தெரியாதவர்கள்கூட அனுப்புவார்கள். யார், எதற்கு என்று பிள்ளைகள் கேட்பது மரியாதை இல்லை. "உன் கணக்குக்குச் சாவு மொய் வரும், எடுத்து என்கிட்ட குடு" என்றேன். தலையாட்டினான். வந்ததில் பெரும்பகுதி எங்கள் சபைக்கு வந்துபோகும் ஒடூம் என்பவர் அனுப்பியது. யாரோ ஒரு முதியவரை ஏமாற்றி எடுத்த பணம். எனக்கு அப்போதே தெரியும். அதில் எனக்கொரு பங்கு இருந்தது. அந்தப் பங்கில்தான் அம்மாவுக்குப் பித்தளைப் பிடி வைத்த சவப்பெட்டியும், வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடும். எல்லாரும் மெச்சினார்கள். ஒடூமும் மெச்சிவிட்டு மறுவாரம் காணாமல் போனார்.

என் கணக்கில் ஏன் வாங்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர். கடைக்குக் கடன் வாங்கியிருந்தேன், என் பெயர் கெடக்கூடாது. அவனுக்குச் சின்ன வயது, பெயர் கெட்டாலும் வெட்டிய முடி மாதிரி மறுபடி வளர்ந்துவிடும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே உவமை முடிதான், மன்னிக்கவும்.

அதன் பிறகு அவன் சம்பளம் என் கணக்குக்குத்தான் வந்தது. ஒரு பென்னி தொட்டதில்லை. என்னைக் கெட்டவள் என்று எழுதப்போகிறீர்களே, இதையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்த மார்ச்சில் லீட்ஸில் ரயில் பராமரிப்பு வேலை பழக அவனுக்கு இடம் கிடைத்தது. சொந்தப் பெயரில் கணக்கு இருந்தால்தான் சேர்ப்பார்களாம்.

"அக்கா, உன் கடைக்கு வர்றவங்கல்லாம் கேக்குறாங்க, தம்பி இன்னும் உன்கிட்டதான் கைச்செலவு வாங்குறானான்னு. நான் என்ன பால்குடியா?"

"பால்குடிக்குப் பசிச்சா தட்டை எடுத்துட்டு வா. கென்கே உருண்டை சூடா இருக்கு, மீன் பொரிச்சிருக்கேன்."

"விளையாடாத அக்கா. மொய்னு சொன்னவங்க எழுதிக் குடுத்தா குறியை எடுக்கிறோம்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. ஒடூம் உன்னையும்தானே ஏமாத்தினான்? தம்பிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுது. ரெண்டு வரி போதும்."

ஒடூம் என்னையும் ஏமாற்றியதாகத்தான் அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். உங்களிடம் அதையே சொல்லியிருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் லீட்ஸில் குளிர் அதிகம், அவனுக்குச் சுலபமாக நெஞ்சுச் சளி பிடிக்கும். அம்மா போன வீட்டில் இரண்டு தட்டு வைத்துப் பழகிய பிறகு ஒரு தட்டு வைப்பது எவ்வளவு சிரமம் என்பது உங்கள் படிவங்களில் எங்கும் இல்லை.

அவன் கேட்டது இரண்டு வரி. நான் நான்கு பக்கம் எழுதினேன். மொய் என்று சொன்னது நானில்லை. ஒடூமைத் தேடிப் பிடித்தது தம்பிதான். திருட்டுப் பணம் என்று அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். அக்காவாக இதை எழுத என் கை நடுங்குகிறது. இப்படியெல்லாம் எழுதினேன். கை நடுங்கவில்லை. உறையை ஒட்டிக் கொடுத்தேன். அவன் பிரித்துப் பார்க்கவில்லை, அக்கா எழுதியதாயிற்றே. "நீ இல்லன்னா எனக்கு யாரு இருக்கா" என்று சொல்லி அவனே கொண்டுபோய்த் தபாலில் போட்டான்.

இரண்டு வாரத்தில் உங்கள் மறுப்பு வந்தது. லீட்ஸ் இடம் வேறொருவனுக்குப் போயிற்று. மூன்று நாள் அவன் சாப்பிடவில்லை. நான்காம் நாள் நான் ஊட்டினேன், சாப்பிட்டான். அந்த வாரம் நாங்கள் இருவரும் மிகவும் நெருக்கமாக இருந்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தன்னைப் பற்றி வங்கியில் இருக்கும் காகிதம் அத்தனைக்கும் நகல் கேட்டு அவன் எழுதியிருக்கிறான். ஒரு மாதத்துக்குள் நீங்கள் அனுப்பியாக வேண்டுமாம். அந்த நான்கு பக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். எனக்காக இல்லை. அவன் மென்மையான பிள்ளை, தாங்கமாட்டான்.

அவன் மறுபடியும் முறையிடப் போகிறான். ஆதரவாக ஒரு கடிதம் வேண்டும் என்று நேற்றும் என்னிடம்தான் வந்து நின்றான். எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை கொஞ்சம் இதமாக எழுதுவேன்.