வலது முழங்கால் நலம்

— ஏட்டி ஜெமி, நிறுத்தாத, மிதிச்சுக்கிட்டே இரு. ஆள் விவரத்த எழுதிட்டேன், வாசிக்கேன், கேளுங்க. "இருந்தவர்கள்: ஒன்று, என் தங்கை ஜெமி. முன்னறையில், ஸ்டாண்டில் மாட்டிய சைக்கிள் மேல். இரண்டு, அடுத்த வீட்டு ரைஹானா. வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில், கைக்கடிகாரத்துடன். மூன்று, இதை எழுதும் அண்ணன் பிரேம்சிங். தையல் மிஷின் பலகையில் தாளை வைத்துக்கொண்டு, சைக்கிளுக்கு நேர் எதிரே." சரியா?

— நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா நான் பிளாஸ்டிக் நாற்காலில உக்காந்தா என்ன, ஸ்டூல்ல உக்காந்தா என்ன, சைக்கிள் கோச்சுக்கு?

— அவரு கேட்டிருக்காரு ரைஹானா. போன வருசம் ஒரு பிள்ளை தான் ஓட்டின பழைய வீடியோவப் புதுசுன்னு அனுப்பிட்டு அவரு நடத்துற ரேஸ் கேம்ப்புக்குப் போச்சு. மூணாம் நாளே முட்டு வீங்கிப் படுத்துட்டு. அதுலருந்து போன்ல வாறத அவரு நம்புறதில்ல. யாரு இருந்தா, எங்க இருந்து பாத்தா, தாள்ல எழுதி சாட்சி கையெழுத்தோட வரணும். முறைப்படி.

— எத்தன நிமிசம் ஆச்சு?

— இருவத்திரெண்டு.

— இன்னும் பதினெட்டா. ஏசப்பா.

— பேசாதட்டி. மூச்சு வீணாகும்.

— நீ பேசுதத நிறுத்துண்ணே. அதக் கேட்டுத்தான் மூச்சு வாங்குது.

— யா அல்லா, இந்த நேரம் பாத்து கரண்டும் போச்சு. பக்கத்துத் தறியும் நின்னுட்டு பாருங்க. அண்ணே, ஃபேன் நின்னா கணக்கு மாறுமா?

— மாறாது, ஆனா எழுதணும். "இருபத்தைந்தாம் நிமிடம் மின்தடை. மின்விசிறி நின்றது. ஜெமி நிற்கவில்லை."

— ரோட்டுல ஓட்டுனா காத்தாவது வரும்.

— ரோட்டுலயா? திருவேங்கடம் ரோட்டுல ஆட்டுக்கூட்டத்தக் கண்டு பிரேக்கப் பிடிச்சு விழுந்தியே, அந்த ரோட்டுலயா? வலது முட்டுல ஜவ்வு அறுந்து, ஆபரேசன் பண்ணி, ஒம்பது மாசம் ஆச்சு. கேம்ப்புக்குப் போற வரைக்கும் ஒனக்கு ரோடு இந்த ஸ்டாண்டுதான்.

— ஒம்பது மாசமா எனக்கு எதிர்ல இந்த உரக்கடை காலண்டர்தான். அதுல சிரிக்கிற பிள்ளைக்கு எத்தன பல்லுன்னு கேளு, சொல்லுதேன்.

— எத்தன?

— ஆறு. ஒண்ணு பாதிதான் முளைச்சிருக்கு.

— ஜெமி, நெசத்தச் சொல்லு. ஒனக்குப் போகணுமா, இல்ல அண்ணனுக்காக மிதிக்கியா?

— போகணும் ரைஹானா. எனக்குத்தான் போகணும்.

— மொகத்தப் பாத்தா அப்படித் தெரியலையே.

— மொகம் அசந்துட்டு. அதக் கேட்டா வேற என்ன சொல்லும்?

— இந்த வருசத்த விட்டா இவளுக்கு இருவத்திமூணு தாண்டிரும், ரைஹானா. அப்புறம் இந்த வயசுப் பிரிவுல ஓட்டவே முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள தாள் அவரு கைக்குப் போகணும். போகல, இல்ல போயும் வலின்னு இருக்குன்னா, கேம்ப்புல இவ கட்டிலும் சைக்கிளும் அடுத்த பிள்ளைக்கு. இதுவரைக்கும் ஏழு கடுதாசி போட்டாச்சு. ஏழுலயும் வலின்னா வலின்னுதான் எழுதினேன். ஒரு எழுத்து கூட்டல.

— தெரியும்ணே. ஏழுலயும் நாந்தான சாட்சி.

— எத்தன நிமிசம்?

— முப்பத்தாறு. கண்ண மூடிக்கிட்டு மிதி. நான் எண்ணுதேன்.

— எண்ணாத. எண்ணுனா இன்னும் நீளுது.

— சரி, எண்ணல. அண்ணே, நீங்களும் பேனாவத் தட்டாதீங்க.

— ...

— நாப்பது! நிறுத்து ஜெமி, போதும்!

— நிறுத்தியாச்சு. யாராவது தண்ணி குடுங்க.

— இந்தா. மெதுவா இறங்கு, என் தோளப் பிடி... அட, வலது காலையே மொதல்ல ஊனிட்டாளே!

— பாத்தியா ரைஹானா? ஆபரேசன் பண்ணின காலு! பயமே இல்ல பாரு. இதையும் எழுதுதேன். "இறங்கும்போது வலது காலையே முதலில் ஊன்றினாள்." இப்பம் கோச்சு கேட்ட கேள்விக்கு வருவோம். ஆபரேசன் பண்ணின முட்டுல வலி?

— இல்ல.

— மடக்கும்போது இறுக்கம்?

— இல்ல.

— கிளிக் கிளிக்குன்னு சத்தம்?

— இல்லண்ணே. சீக்கிரம் முடி. நிக்க முடியல.

— வீக்கத்த அளந்துருவோம். ரைஹானா, தையல் டேப்ப எடு.

— முப்பத்தாறு சென்டி. ஓட்டுறதுக்கு முந்தியும் முப்பத்தாறுதான். கூடல.

— "வலது முழங்கால் நலம். வலி இல்லை. வீக்கம் இல்லை. நாற்பது நிமிடமும் இடையில் நிற்காமல் மிதித்தாள். இதை நாங்கள் இருவரும் கண்ணால் கண்டோம்." ஏட்டி, இத எழுத ஒம்பது மாசம் ஆயிருக்கு.

— கேட்டதுக்கெல்லாம் சொல்லிட்டேன்லா? கையெழுத்தப் போட்டுக் குடு.

— ரைஹானா, இங்கன போடு. பேரு, தேதி, நேரம்.

— ரத்த டெஸ்ட் லேப்ல நான் ரசீது போடுத கையெழுத்து அண்ணே, கோழிக் கிறுக்கலா இருக்கும்.

— இருக்கட்டும். ஒன் கையெழுத்தப் பாத்தா அவரு நம்புவாரு. பசை எங்க? ...கவர ஒட்டியாச்சு. விலாசம் சரியா இருக்கு. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துல பைக் போகாது, நடந்தே போறேன். ஸ்பீடு போஸ்ட்டுல போட்டு ரசீது வாங்கிட்டு வாரேன். ஏட்டி ஜெமி, சிரியேன். இன்னைக்காவது.

— போயிட்டு வாண்ணே. நேரமாவுது.

— ...

— போயிட்டானா?

— தெருமுனை திரும்பிட்டாரு. கடுதாசியப் பையில கூட வைக்கல, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுப் போறாரு. கசங்கிருமாம். ஏன் ஜெமி, அழுவுத? எல்லாம் முடிஞ்சிட்டுல்லா. பாயில படு. ஐஸ் வைக்கேன், வலது கால நீட்டு.

— வலதுக்கு வேண்டாம் ரைஹானா. இடது முட்டுல வை. ஒரு மாசமா வலி இங்கனதான்.